பரங்கிமலை அடிக்கோடு, 1802

இந்தியப் பெரு முக்கோண அளவைக்கு ஆதாரமான முதல் கோடு, சென்னையின் பரங்கிமலைக்கும் தெற்கே பெரும்பாக்கம் குன்றுக்கும் இடைப்பட்ட சமவெளியில் அளக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 7.5 மைல் (12 கி.மீ.). ஆங்கிலேயப் படை அதிகாரி வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பணியைத் தொடங்கினார்.

அளக்க உதவியது 100 அடி எஃகுச் சங்கிலி. இரண்டரை அடி நீளமுள்ள 40 கண்ணிகள் கொண்டது. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோகப்பட்டு, அங்கே ஏற்கப்படாமல் இந்தியா வந்து சேர்ந்தது! வெயிலில் எஃகு நீளும். சென்னையின் கோடையில் இது சிறிய தொல்லை அல்ல. ஆகவே தாங்கிகள்மேல் மரப்பெட்டிகளை வரிசையாக வைத்து, அவற்றினுள் சங்கிலியைக் கிடத்தினர். பெட்டிகளில் இருந்த வெப்பமானிகளைப் பார்த்து, நீள வேறுபாட்டைக் கணக்கில் திருத்தினர். இப்படிச் சுமார் 400 முறை சங்கிலி போட வேண்டியிருந்தது.

முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். எனவே அடுத்தடுத்த ஒவ்வோர் இடத்துக்கும் சங்கிலி தேவைப்படவில்லை. குன்றுகளிலும் கோபுரங்களிலும் தியோடலைட் கருவியை ஏற்றிக் கோணங்களை அளந்தனர். லாம்டனின் பெரிய தியோடலைட் சுமார் அரை டன் எடையுள்ளது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து அது சேதமடைந்தது. லாம்டனே அதைப் பழுதுபார்த்தார்.

1823இல் அவர் இறந்தபின் ஜார்ஜ் எவரெஸ்ட் பணியைத் தொடர்ந்தார்.