ஒரு மணி நேரம் வேலை பார்த்தால் போதுமா?

நாடுகளை இளைஞர்களின் நிலையை வைத்து வரிசைப்படுத்தும் பட்டியல்களில் முக்கியமானது, காமன்வெல்த் அமைப்பின் உலக இளைஞர் மேம்பாட்டுக் குறியீடு. கல்வி, வேலை, உடல்நலம், சமத்துவம், பாதுகாப்பு, அரசியல் பங்கேற்பு என்று 15 முதல் 29 வயதுக்காரர்களின் வாழ்வை அது அளக்கிறது. 2021-ல் வந்த பட்டியலில் 181 நாடுகள். முதலிடம் சிங்கப்பூருக்கு, இந்தியாவுக்கு 122. அதே சமயம், 2010-க்கும் 2018-க்கும் இடையே வேகமாக முன்னேறிய ஐந்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

அப்படிப்பட்ட முன்னேற்றத்தைச் சென்னையை ஒட்டிய ஆவடி மாநகராட்சியின் சேக்காட்டில் நின்றே பார்க்கலாம். பக்கத்திலேயே பட்டாபிராமில் இந்துக் கல்லூரி. 2024 நவம்பரில் திறந்த 21 மாடி டைடல் பார்க். ஆவடியில் டேங்க் ஃபேக்டரி, ரயிலேறினால் அம்பத்தூர் எஸ்டேட். தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22-ல் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. சாதாரணக் குடும்பத்துப் பெண் பட்டம் வாங்குவது பெரிய விஷயம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில், வாரக் கணக்குப்படி, ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். பி.காம். முடித்துவிட்டு பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்பவரும், காண்ட்ராக்டில் மெஷின் ஓட்டுபவரும், நிரந்தர வேலையில் இருப்பவரும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். பி.எஃப். பிடிக்கிறார்களா, காண்ட்ராக்ட் முடிந்தால் என்ன கதி, செகண்ட் ஷிப்ட் முடிந்து ஸ்டேஷனிலிருந்து வீடு வரை தெருவிளக்கு எரிகிறதா? அந்த எண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. படிப்பு, வேலை, பயிற்சி மூன்றிலும் இல்லாத இளைஞர்களை எண்ணும் முறை இதைவிட நேர்மையானது. கல்யாணம் ஆகி வீட்டோடு முடங்கிய பட்டதாரிப் பெண் அதிலாவது கண்ணுக்குப் படுகிறாள்.

எதை எண்ணுகிறோம் என்பது போலவே, எந்த மட்டத்தில் எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். மாநில வாரியாக இளைஞர் குறியீட்டை 2017-ல் வெளியிட்டது, பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம். பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட சமூக முன்னேற்றக் குறியீடு மாவட்டம் வரை இறங்கியது. தமிழ்நாட்டுக்கு அதில் முதல் அடுக்கில் இடம். ஆனால் திருவள்ளூர் மாவட்டம் என்றால் ஆவடியும் உண்டு, பழவேற்காட்டு மீனவர் குப்பங்களும் உண்டு. இரண்டையும் கூட்டி வகுத்தால் வரும் சராசரி இரண்டு ஊருக்குமே பொருந்தாது.

அளவுகோல் வார்டு வரை வர வேண்டும். வார்டு கமிட்டியும் ஏரியா சபையும் அதற்குத் தோதான இடங்கள். வீட்டுத் தலைவரைக் கேட்டு எழுதிக்கொண்டு போகாமல், 18 வயதுப் பிள்ளைகளிடமே நேரடியாகக் கேட்கட்டும்: படித்த படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தம் உண்டா? சம்பளத்தில் கடனுக்கு எவ்வளவு போகிறது? ராத்திரி பத்து மணிக்குத் தனியாக வீடு திரும்ப முடிகிறதா? மனசு சரியில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வாய்?