பழைய ஆங்கிலத்தில் நிலத்தளச் சொற்கள்: ஒரு சமூகவியல் நோக்கு

ஏறத்தாழ கி. பி. 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் 1066இல் நிகழ்ந்த நோர்மானியர் வெற்றிக்குச் சற்றுப் பிந்திய காலம் வரை இங்கிலாந்தில் வழங்கிய மொழியைப் பழைய ஆங்கிலம் என்பர். அம்மொழியில் வீட்டின் நிலத்தைச் சுட்டிய சொற்கள் மிகச் சிலவே. எனினும், யாருடைய நிலம் எழுத்தில் இடம்பெற்றது, யாருடையது இடம்பெறாது போயிற்று என்று வினவத் தொடங்கின், அச்சொற்கள் அகராதிப் பதிவுகள் என்ற நிலையைக் கடந்து வரலாற்றுச் சான்றுகளாகிவிடுகின்றன.

முதலில் 'ஃபிளெற்' என்னும் சொல்லை நோக்கலாம். தட்டையானது என்ற அடிப்பொருளுடைய இச்சொல் நிலத்தையும், பின்னர் மண்டபத்தையும், வீட்டையும் குறித்தது. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கென்ற் இராச்சியத்தை ஆண்ட லொத்ஹெயர், எட்ரிக் ஆகியோரின் சட்டத்தொகுதியில் இது தெளிவாகப் புலப்படுகின்றது. பிறனொருவனுடைய ஃபிளெற்றில் வைத்து ஒருவனைப் பொய்ச்சத்தியம் செய்தவனென ஏசினால், ஏசியவன் அந்த நிலத்துக்குரியவனுக்கு 1 ஷில்லிங்கும், ஏசப்பட்டவனுக்கு 6 ஷில்லிங்கும், அரசனுக்கு 12 ஷில்லிங்கும் செலுத்தல் வேண்டும். மது அருந்துமிடத்தில் ஆயுதம் உருவியவன் ஒருவருக்கும் ஊறு செய்யாவிடினும் உரியவனுக்கு 1, அரசனுக்கு 12. நிலத்தில் இரத்தம் சிந்தினாலோ, உரியவனது பாதுகாப்பு மீறப்பட்டமைக்கான ஈட்டுடன் அரசனுக்கு 50 ஷில்லிங்.

இங்கே நிலம் என்பது காலூன்றும் பரப்பு மட்டுமன்று. ஒருவனது அதிகாரத்தின் எல்லையுமாகும். ஏசப்பட்டவன் பெறுவதைப் போல இருமடங்கு அரசனைச் சேர்வது தற்செயலன்று. குலமரபுச் சமுதாயத்தின் மீது அரசு என்னும் நிறுவனம் எழுந்து நின்று, பிறர் வீட்டுச் சச்சரவிலும் தன் பங்கை அறவிடும் காலத்தை இது காட்டுகின்றது. கொழும்பிலே தொடர்மாடி வீட்டைப் 'பிளற்' என்று சொல்லும் பலர், அச்சொல் ஸ்கொத்லாந்து வழக்கின் ஊடாக வந்த இந்த ஃபிளெற்றின் வழித்தோன்றல் என்பதை அறியார்.

'ஃபுளோர்' என்பது இதனிலும் பரந்த வழக்குடையது. ஜேர்மனில் 'ஃபுளூர்', ஐரிஷில் 'லார்' என்பன இதன் இனச்சொற்கள். பேயோவுல்ஃப் காவியத்திலே கிரெண்டெல் என்னும் கொடிய உயிரி ஹ்ரொத்கார் மன்னனின் மண்டபத்துட் புகுந்து மிதிக்கும் நிலம் 'ஃபாக்' என்ற அடைமொழியைப் பெறுகின்றது; பளபளப்பானது அல்லது பல வண்ணமுடையது என்பது பொருள். அதே காவியத்தில் வீரர் நடக்கையில் மண்டபத்து மரம் ஒலிப்பதாகவும் கூறப்படுகின்றது. எனவே கவிஞர் மனக்கண்ணிற் கண்டது பலகைத் தளமா, உரோமர் விட்டுச்சென்ற சித்திரக்கல் தளமா என்பது ஆய்வாளரிடையே விவாதத்துக்குரியது. ஒக்ஸ்ஃபோட்ஷயரிலுள்ள ஃபோலர் என்னும் ஊர்ப்பெயர் இதே 'ஃபாக் ஃபுளோர்' என்பதன் மரூஉ. அங்கு உரோமர் மாளிகையொன்றின் சித்திரக்கல் தளம் பிற்காலத்திற் கண்டறியப்பட்டது. ஆயின் காவியத்து மண்டபத்தைப் பொறுத்தவரை, அதிரும் மரத்தையே நான் கூடுதலாக நம்புவேன்.

பலகைக்குத் 'தெல்' என்பது சொல். மேல்மாடியின் தளம் 'உப்-ஃபுளோர்' எனப்பட்டது. 978ஆம் ஆண்டுக் குறிப்பிலே ஆங்கிலோ-சக்சன் நாளாகமம், கான் என்னுமிடத்தில் நாட்டின் முதுபெரும் ஆலோசகர் அனைவரும் உப்-ஃபுளோரிலிருந்து வீழ்ந்தனர் என்றும், பேராயர் டன்ஸ்ரன் மட்டும் ஒரு விட்டத்தின் மீது நின்று தப்பினார் என்றும் கூறுகின்றது. இதனை அற்புதமெனக் கொண்டாடியோர் பலர். தளப்பலகை வேறு, அதனைத் தாங்கும் விட்டம் வேறு என்ற தச்சுநுட்பமே எமக்கு இதிற் கிடைக்கும் செய்தி.

மண்டபங்களை விட்டுக் குடிசைகளுக்கு வந்தால் எழுத்து மௌனமாகி விடுகின்றது. அவ்விடத்து அகழ்வாய்வே பேசவேண்டியுள்ளது. அதுவும் எப்பொழுதும் சார்பின்றிப் பேசியதில்லை. 1920களில் சட்டன் கோட்னியில் அகழ்ந்த ஈ. ரி. லீட்ஸ், நிலத்திற் குழி தோண்டிக் கூரையிட்ட கட்டடங்களைக் கண்டார். குழியின் அடியே மக்கள் வாழ்ந்த நிலமென்றும், எலும்பும் குப்பையும் நிறைந்த அழுக்கிடையே அவர்கள் கிடந்தனர் என்றும் அவர் கருதினார். 1965 முதல் 1972 வரை சஃபொக்கின் வெஸ்ற் ஸ்ரோவில் இத்தகைய ஏறத்தாழ 70 கட்டடங்களை அகழ்ந்த ஸ்ரான்லி வெஸ்ற், குழிக்கு மேலே பலகைத் தளம் இருந்திருக்கலாம் எனக் காட்டினார். குப்பை பெரும்பாலும் கட்டடம் கைவிடப்பட்ட பின்னர் கொட்டப்பட்டது. எல்லாக் குழிகளுக்கும் இவ்விளக்கம் பொருந்துமா என்பது இன்னும் முடிந்த வழக்கன்று. ஆனால், ஏழை உழவன் அழுக்கிலேயே கிடந்திருப்பான் என்ற முற்கோள், ஒரு தளத்தையே பார்வையிலிருந்து மறைத்திருக்கலாம் என்பது மனங்கொள்ளத்தக்கது.

வாயிற்படியைச் சுட்டும் 'தெர்ஷோல்ட்' பற்றியும் இத்தகையதொரு கதை உலவுகின்றது. ஏழைகள் மண்தரையிற் பரப்பிய வைக்கோல் வெளியே சிந்தாது தடுத்துப் பிடித்த கட்டையே அது என்பர். இது பொருந்தாது. சொல்லின் முற்பகுதி கதிரடித்தல், மிதித்தல் என்னும் பொருளுடைய வினையோடு தொடர்புடையது, வைக்கோலைக் குறிப்பதன்று. பிற்பகுதியின் மூலம் தெளிவற்றது. எனினும் பழைய வடிவங்களில் 'பிடித்தல்' என்ற வினை காணப்படவில்லை.

உழைப்போரின் நிலம் எழுத்திற் பெயரோடு தோன்றும் இடம் ஒன்றுண்டு. அது போரடிக்கும் களம். மேற்குச் சக்சன் நற்செய்தி மொழிபெயர்ப்பு அதனைத் 'தியுர்ஷெல்-ஃபுளோர்' என்கின்றது. உழவன் உறங்கிய நிலத்தைப் பற்றி எழுதாதோர், அவன் கதிரடித்த நிலத்தைப் பற்றி எழுதினர். விளைச்சல் தானியமாகி, அளந்து பங்கிடக்கூடியதாவது அங்கேதான்.

1066இன் பின்னர் கட்டடத் தொழிலின் மேல்நிலை நோர்மானியர் கைக்கு மாறியது. தளத்தைத் தாங்கும் குறுக்குமரத்துக்கு 'ஜொய்ஸ்ற்', பலகைக்குப் 'பிளாங்க்', கல் பாவிய தளத்துக்குப் 'பேவ்மன்ற்', தச்சனுக்குக் 'காப்பென்ரர்' எனப் பிரெஞ்சு வழிச் சொற்கள் புகுந்தன. 'திரெயோ-விர்ஹ்தா' என்ற பழைய தச்சன் வழக்கொழிந்தான். 'ஃபுளோர்' மட்டும், எல்லோருடைய காலடியிலும் கிடந்தமையாற் போலும், எஞ்சியது.