மார்க்கெட்டிங் மாணவருக்குக் கடைத்தெருவில் என்ன வேலை?

காலை பத்து மணி. பிஸ்கட் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி மளிகைக் கடைக்குள் நுழைகிறார். "போன மாசம் டேமேஜ் ஆன பாக்கெட்டை முதல்ல எடுத்துட்டுப் போங்க, ஆர்டரை அப்புறம் பேசலாம்" என்கிறார் கடைக்காரர், தலை நிமிராமல். பிரதிநிதி வாதாடவில்லை. நொறுங்கிய பாக்கெட்டுகளை எண்ணிக் குறித்துக்கொள்கிறார். அலமாரியில் தேதி நெருங்கும் சரக்கை முன்னால் நகர்த்தி, புதியதைப் பின்னால் அடுக்குகிறார். பத்து நிமிடத்தில் ஆர்டர் விழுகிறது.

பி.பி.ஏ. மாணவருக்கு இந்தப் பத்து நிமிடம் கிடைப்பது அரிது. ஜெரோம் மெக்கார்த்தி 1960-இல் வகுத்த நான்கு 'பி'க்கள் அவருக்கு மனப்பாடம். அவற்றில் ஒன்றான 'பிளேஸ்' என்பது இந்த அலமாரிதான் என்று யாரும் காட்டியதில்லை. கோட்பாட்டில் குறையில்லை; அதைத் தொட்டுப் பார்க்க வழியில்லாததுதான் குறை.

ஆடிட்டராக வேண்டியவர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் முடித்தே ஆக வேண்டும். இப்போது அது இரண்டு ஆண்டு. மார்க்கெட்டிங்குக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆனாலும் பிரிட்டனில் 1911-இல் தொடங்கிய சார்ட்டர்ட் இன்ஸ்டிடியூட் ஆஃப் மார்க்கெட்டிங், இந்தத் தொழிலுக்கென்றே தகுதித் தேர்வுகளை நடத்துகிறது. தகுதி பெற்றவர்களும் தொடர்ந்து கற்க வேண்டும் என்கிறது.

இங்கும் கதவு திறந்தே இருக்கிறது. குறைந்தது ஒரு செமஸ்டர் தொழிற்பயிற்சியைப் பட்டப்படிப்புக்குள்ளேயே சேர்க்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2020-இல் வழிகாட்டியது. 2022-இல், 15 ஆண்டுத் தொழில் அனுபவம் உள்ளவர்களை முனைவர் பட்டம் இல்லாமலே பேராசிரியர்களாக அமர்த்தவும் இடம் தந்தது. அதே ஆண்டு தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம், கல்லூரிகளுக்குள் திறன் பயிற்சியைக் கொண்டுவந்தது.

ஆனால் சீனியரின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றி பைண்டிங் போடும் பழக்கம் இருக்கும்வரை, எந்தப் பயிற்சியும் வெறும் காகிதம்தான். மாணவர் வாரத்தில் இரண்டு நாளாவது விற்பனைப் பிரதிநிதியோடு கடை கடையாக 'லைனு'க்குப் போக வேண்டும். அதற்கு உதவித்தொகை கட்டாயம் தர வேண்டும். பஸ் காசுக்கே கணக்குப் பார்க்கும் வீட்டுப் பிள்ளையிடம் சம்பளமில்லாத வேலையைக் கேட்பது அநியாயம். ஆசிரியரும் ஆண்டுக்கு ஒரு மாதம் களத்துக்குப் போய்வரட்டும்.

மதிப்பெண்ணும் அங்கிருந்தே வர வேண்டும். வைவாவில் ஓர் ஏரியா மேனேஜர் உட்கார்ந்து, "நீ போன கடைகள்ல எந்தச் சரக்கு நகரல, ஏன்?" என்று கேட்கட்டும். கடைக்காரர் முகத்தைப் பார்த்துப் பேசிய மாணவரிடம் அதற்குப் பதில் இருக்கும்.