பாலிசி இருக்கிறதே, இனி என்ன கவலை?

2023-ஆம் வருஷம், ஆடி மாதம். ராத்திரி இரண்டு மணிக்கு என் கணவர் வயிற்றைப் பிடித்துக் கொண்டு எழுந்து உட்கார்ந்தார். இஞ்சிச் சாறு, ஓமத் தண்ணீர், எதற்கும் வலி அடங்கவில்லை. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேன் பார்த்த டாக்டர், "பித்தப்பையில் கல். ஆபரேஷன் செய்துவிட வேண்டியதுதான்" என்றார். எனக்குக் கை கால் உதறியது. ஆனாலும் மனதின் ஒரு மூலையில் ஒரு தெம்பு. மூன்று லட்ச ரூபாய்க்கு மெடிக்ளெய்ம் பாலிசி இருக்கிறதே! ஐந்து வருஷமாகத் தவறாமல் கட்டி வருகிறோமே!

"எந்த ரூம் வேண்டும்?" என்று கவுண்டரில் கேட்டார்கள். தனி அறை, ஏ.சி., நாளைக்கு 6,000 ரூபாய். "இன்ஷூரன்ஸ்தானே கொடுக்கப் போகுது, வசதியாவே இருக்கட்டும்" என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். அப்படிச் சொன்னதற்கு 73,000 ரூபாய் தண்டம் அழுதேன்.

எப்படி என்று கேளுங்கள், சகோதரிகளே. எங்கள் பாலிசியில் அறை வாடகை, பாலிசித் தொகையில் நாளைக்கு ஒரு சதவீதம்தான். அதாவது 3,000 ரூபாய். ஐந்து நாளைக்கு 15,000 போனால் போகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கேதான் கண்ணி! அனுமதித்த வாடகையில் இரண்டு மடங்கு அறையில் இருந்தால், டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாவற்றிலும் பாதிதான் தருவார்கள். எங்களுக்கு அந்த வகையில் மட்டும் 1,10,000 பில். கிடைத்தது 55,000. மருந்து, டெஸ்ட் வகையில் 40,000. அதை அப்படி வெட்டுவதில்லை என்றாலும், கையுறை, பஞ்சு போன்ற சில்லறைச் சாமான்களுக்கு 3,000 கழித்துவிட்டார்கள். மொத்த பில் 1,80,000. கம்பெனி கொடுத்தது 1,07,000. மகளின் காலேஜ் ஃபீஸுக்காகப் போட்டு வந்த சீட்டைத் தள்ளி எடுத்துத்தான் மீதியைக் கட்டி, அவரை வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

கம்பெனி செய்தது தப்பா என்றால், இல்லை. எல்லாம் பாலிசிப் புத்தகத்தில் இருந்தது. கவரைக்கூடப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருந்தது நாங்கள். அன்றே 3,000 ரூபாய் அறையைக் கேட்டிருந்தால் இந்த வெட்டே விழுந்திருக்காது.

அதனால் பாலிசி எடுக்கும்போது பிரிமியம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், "ரூம் வாடகைக்கு வரம்பு உண்டா?" என்று கேளுங்கள். வரம்பில்லாதது கொஞ்சம் விலை கூடத்தான். ஆனாலும் அதையே எடுங்கள் என்பேன். அடுத்தது "கோ-பே". அது 20 சதவீதம் என்றிருந்தால், ஏற்றுக் கொண்ட ஒவ்வொரு லட்சத்திலும் 20,000 நம் கையிலிருந்து போகும்.

வீட்டுப் பெரியவர்களையும் ஒரே குடும்ப பாலிசியில் சேர்த்தால் மிச்சம் என்று ஏஜண்ட் சொல்வார். அதில் பிரிமியம் பொதுவாக மூத்தவரின் வயதை வைத்துத்தான் போடுகிறார்கள். என் மாமியாருக்கு 71 வயது. அவருக்குத் தனியாக எடுத்ததுதான் எங்களுக்குக் கட்டுப்படியாயிற்று.

விண்ணப்பத்தை நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். எதிர் வீட்டு அக்காவுக்கு ஏஜண்ட் எழுதிக் கொடுத்தார். "சுகர் மாத்திரைன்னு எழுதினா பிரிமியம் ஏறும்க்கா, விடுங்க" என்றாராம். இரண்டு வருஷம் கழித்து காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, நோயை மறைத்தீர்கள் என்று ஒரு பைசா தரவில்லை. ஏஜண்ட் போனையே எடுக்கவில்லை! உண்மையை எழுதினால் என்ன ஆகும்? 2024 விதிப்படி, ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருஷம்தான் காத்திருக்க வேண்டும். பிரிமியம் கொஞ்சம் ஏறலாம். அவ்வளவுதான்.

போன மாதம் நாத்தனார் மகள் போன் செய்தாள். "அத்தை, எனக்கு மூணு மாசம். இப்ப பாலிசி எடுத்தா பிரசவத்துக்குக் கிடைக்குமா?" பாவம், என்ன சொல்ல? நாமே வாங்கும் பாலிசிகளில் பிரசவத்துக்குப் பெரும்பாலும் ஒன்பது மாதமாவது காத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று வருஷம் என்று இருப்பதும் உண்டு. அதிலும் இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு. கல்யாணமான கையோடு பார்க்க வேண்டிய விஷயம் இது. "உன் வீட்டுக்காரர் ஆபீஸிலே குரூப் இன்ஷூரன்ஸ் இருக்கும், கேட்கச் சொல்லு" என்றேன். அவற்றில் பலவற்றில் முதல் நாளிலிருந்தே பிரசவச் செலவு உண்டு. ஆனால் வேலையை விட்டால் அதுவும் போய்விடும். அதையே நம்பி இருக்கக் கூடாது.

வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. பிரிமியம் கிடையாது, வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவை ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழோடு கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பி அட்டை வாங்க வைத்தேன்.

நாங்கள் என்ன செய்தோம் என்கிறீர்களா? பழைய பாலிசியை விட்டுவிடவில்லை. புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாளுக்கு முன்பே எழுதிக் கொடுத்து வேறு கம்பெனிக்கு மாற்றிக் கொண்டோம். அப்படி மாற்றினால், கட்டிய வருஷங்கள் பழைய தொகை வரைக்கும் கணக்கில் சேரும். கூட்டிய தொகைக்குத்தான் புதிதாகக் காத்திருக்க வேண்டும். இப்போது 10 லட்சம், அறை வரம்பு இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யை எடுத்துவிட்டதில் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

புதுப் புத்தகம் வந்த அன்றே, மத்தியானம் அடுப்பை அணைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக் கொண்டு உட்கார்ந்தேன். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று அதிலேயே போட்டிருக்கிறது. புரியாத இடங்களில் பென்சிலால் கோடு போட்டு, ஏஜண்டை வரவழைத்துக் கேட்டேன். "இவ்வளவு கேள்வி யாருமே கேட்டதில்லைம்மா" என்றார். "காபி சாப்பிட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்கு வாங்க" என்றேன்.