விளையாட்டுக் கணினியும் வீட்டுக் கணக்கும்

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பேச்சு எழுகிறது. பிள்ளைகள் கேமிங் கணினி கேட்கின்றனர். ஆயத்தமாக விற்கப்படுவதை அவர்கள் விரும்புவதில்லை; பாகம் பாகமாகத் தேர்ந்து கோத்துக்கொள்ளவே விரும்புகின்றனர். அதற்கு ஆகும் தொகை பல வீடுகளில் ஓராண்டுச் சேமிப்பு. எனவே, பாகங்களின் தேர்வைப் பெற்றோரும் ஓரளவு அறிந்திருத்தல் நலம்.

மும்பையில் இதற்குப் பெயர்பெற்ற இடம் லேமிங்டன் சாலை. மாட்டுங்கா ரோடு நிலையத்தில் ஸ்லோ லோக்கல் ஏறினால் கிராண்ட் ரோட்டில் இறங்கி நடந்து செல்லலாம். செம்பூரிலிருந்து வருவோர் குர்லாவிலும் தாதரிலும் வண்டி மாற வேண்டும். கடைகள் நெருங்கி நிற்கும் அத்தெருவில் இறங்குமுன், கையில் ஒரு பட்டியல் இருப்பது அவசியம்.

திரையே முதல் முடிவு

பலரும் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து கணக்கைத் தொடங்குகின்றனர். மானிட்டரிலிருந்து தொடங்குவதே முறை. 1080பி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன; 1440பி திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம். அதாவது 4கே திரைக்குக் கார்டு நான்கு மடங்கு புள்ளிகளை வரைய வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு அறுபது படங்களையே காட்டும். 150 படங்கள் தரும் கார்டை அதனுடன் இணைத்தால் பெரும்பகுதி வீணே. திரை முடிவானபின், மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கலாம்.

ஒன்றுக்கொன்று பொருந்துதல்

பிராசசரும் மதர்போர்டும் ராமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 போர்டுகள் டிடிஆர்4 ராமை ஏற்கும்; 2022இல் வந்த ஏஎம்5 போர்டுகள் டிடிஆர்5 ராமை மட்டுமே ஏற்கும். மலிவாகக் கிடைத்தது என்று ஒன்றை மட்டும் முன்னதாக வாங்கிவிட்டால், மற்றொன்று பொருந்தாமற் போகலாம். 16 ஜிபி ராம் வேண்டுமெனில் ஒற்றைத் துண்டைக் காட்டிலும் 8 ஜிபி துண்டுகள் இரண்டாக வாங்குவது வேகத்துக்கு உதவும். கார்டின் நீளம் கேபினெட்டுக்குள் அடங்குமா என்பதையும் அளந்து பார்க்க வேண்டும்.

சிக்கனம் கூடாத இடம்

கண்ணுக்குத் தெரியாத பவர் சப்ளையில்தான் பலரும் பணத்தைக் குறைக்கின்றனர். அது பழுதானால் மற்ற பாகங்களையும் சேதப்படுத்தக்கூடும். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட் மின்சாரமே கொள்கிறது. ஆயினும் அதனைக் கொண்ட கணினிக்கு 550 வாட் பவர் சப்ளையை என்விடியா பரிந்துரைக்கிறது. 80 பிளஸ் முத்திரை மின்சிக்கனத்தை மட்டும் அளப்பது. ஆகவே நம்பகமான நிறுவனமா என்பதையும் உத்தரவாத ஆண்டுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே உள்ள 600 விஏ யுபிஎஸ் போதும் என எண்ணுவோரும் உண்டு. அவ்வகை யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரையே தாங்கும். மூன்று முனை பிளக்கில் எர்த் இணைப்பு சரியாக உள்ளதா என்பதையும் மின்பணியாளரிடம் சோதித்துக்கொள்க. காற்றோட்டம் குறைந்த சிறிய அறையில் முகப்பு அடைபட்ட கண்ணாடிக் கேபினெட் வெப்பத்தைத் தேக்கும். முன்புறம் வலைத்துளைகள் உள்ளதே ஏற்றது.

ரசீது என்னும் காப்பு

இப்பாகங்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ரசீது வேண்டாமெனில் விலையைக் குறைப்பதாகக் கடைக்காரர் கூறினால் மறுத்துவிடுக. ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் குறிக்கப்பட்ட ரசீதே உத்தரவாதத்தின் ஆதாரம். இன்டெல், ஏஎம்டி நிறுவனங்கள் பெட்டியுடன் விற்கும் பிராசசர்களுக்கு மூன்றாண்டு உத்தரவாதம் உண்டு. பெட்டியின்றி வரும் டிரே வகைக்கு விற்பவரே பொறுப்பு. பழைய கார்டு வாங்குவோர் ஒன்றை நினைவிற் கொள்க: 2022 செப்டம்பரில் எதிரியம் நாணயத்தின் மைனிங் முறை முடிவுற்றபின், இரவு பகலாக உழைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. ஓடவிட்டுப் பார்க்காமல் முன்பணம் அனுப்புதல் கூடாது.

பணம் எவ்வழி?

60,000 ரூபாயைக் கிரெடிட் கார்டில் 15 சதவீத வட்டிக்கு 12 தவணைகளாக மாற்றினால், மாதத் தவணை ஏறத்தாழ 5,415 ரூபாய். வட்டி மட்டும் ஏறத்தாழ 4,985 ரூபாய். அவ்வட்டியின் மீது ஜிஎஸ்டி ஏறத்தாழ 900 ரூபாய். செயலாக்கக் கட்டணம் தனி. ‘வட்டியில்லாத் தவணை’ என்னும் விளம்பரத்தையும் கவனமாகப் படிக்க வேண்டும். அத்தகைய திட்டங்களில் வட்டியானது செயலாக்கக் கட்டணம் என்னும் உருவில் வாடிக்கையாளரிடமே பெறப்படுவதை 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி தன் சுற்றறிக்கையில் சுட்டிக்காட்டியது. ரொக்க விலை என்ன, தவணை விலை என்ன என இரண்டையும் எழுதி வாங்கி ஒப்பிடுக.

மாறாக, மாதம் 5,000 ரூபாய் வீதம் தொடர் வைப்பில் ஓராண்டு செலுத்தினால், 6.5 சதவீத வட்டி எனக் கொண்டால், 60,000 ரூபாயுடன் ஏறத்தாழ 2,100 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். இரு வழிகளுக்கும் இடையே ஏறத்தாழ 8,000 ரூபாய் வேறுபாடு. இடைப்பட்ட காலத்தில் பாகங்களின் விலை ஏறவும் இறங்கவும் கூடும் என்பது உண்மை. ஆயினும் கிராஃபிக்ஸ் கார்டை இறுதியாகச் சேர்க்கும் வசதி கோத்துக்கொள்ளும் கணினிக்கு உண்டு. உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கொண்ட பிராசசரும் நல்ல பவர் சப்ளையும் முதலில் வாங்கினால், கல்லூரிப் பாடமும் எளிய விளையாட்டுகளும் அன்றே தொடங்கிவிடும். கார்டுக்கான பணத்தைச் சேர்க்கும் பொறுப்பில் பிள்ளையையும் பங்காளியாக்குங்கள். தொடர் வைப்பை அவர் பெயரிலேயே தொடங்கலாம்.