திரையில் இடம் பெறாத துயரம்

அச்சரப்பாக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, 1993-ஆம் ஆண்டில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ படத்தைக் கைப்பேசியில் காணும் இளைஞன், போலந்து தேசம் எத்திசையில் உள்ளது என்பதையே அறியாதவனாயினும், கறுப்பு வெள்ளையாக நகரும் அப்படத்தில் சிவப்பு மேலங்கியணிந்து தன்னந்தனியே நடந்து செல்லும் சிறுமியைக் கண்டதும் நெஞ்சம் பதறிக் கண் கலங்குகிறான். அறுபது லட்சம் யூதர்களை நாஜிகள் கொன்றார்கள் என்ற எண்ணிக்கை புத்தியைத் திகைக்க வைக்கிறது. ஹிருதயத்தைத் தொடுவதோ அந்த ஒரு குழந்தையின் முகம்தான்.

அப்படிப் பெருகும் கண்ணீர் வீணாகிவிடுவதில்லை என்பதற்குச் சரித்திரத்தில் சான்று உண்டு. 1979 ஜனவரியில், யூதர்களின் படுகொலையைச் சொல்லும் ‘ஹோலோகாஸ்ட்’ என்ற அமெரிக்கத் தொடர் மேற்கு ஜெர்மனியின் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது, கோடிக்கணக்கான ஜனங்கள் அதைப் பார்த்தார்கள். தந்தையர் மறைத்து வைத்திருந்த பாதகங்களைப் பற்றிப் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். கொலைக் குற்றத்தை விசாரிப்பதற்கு இருந்த காலவரம்பை அந்நாட்டுப் பாராளுமன்றம் அதே ஆண்டில் அடியோடு நீக்கியதற்கு, அத்தொடர் கிளப்பிய விவாதமும் துணை நின்றது. 1985-இல் கிளாட் லான்ஸ்மான் ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாக ஓடும் ‘ஷோவா’ படத்தை வெளியிட்டபோது, பழைய படச்சுருள் ஒன்றையும் காட்டாமல், தப்பிப் பிழைத்தவர்களின் வாய்மொழியையே முதன்மைச் சான்றாகக் கொண்டு அக்கொடுமையைப் பிரத்தியட்சமாக்கினார்.

இவற்றைக் கண்டு உருகும் தமிழன், அதே இரண்டாம் உலக யுத்த காலத்தில் தன் இனத்தார் அடைந்த துயரத்தை அறிந்திருக்கிறானா? ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த குடியேற்ற முகாம்கள் வழியாகக் கப்பலேறி மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன குடும்பங்களிலிருந்து, ஆயிரக்கணக்கானவர்களை, அப்போது மலேயாவைக் கைப்பற்றியிருந்த ஜப்பானிய ராணுவம் சயாமுக்குக் கொண்டு சென்றது. அங்கிருந்து பர்மாவரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு, 1942-இலும் 1943-இலுமாக, காட்டையும் மலையையும் வெட்டி ரயில்பாதை போட வைத்தது. பட்டினியாலும் காலராவாலும் மலேரியாவாலும் மாண்ட ஆசியத் தொழிலாளர் 80,000-க்கும் மேற்பட்டோர் என்று மதிப்பிடுகிறார்கள்; மலேயாவிலிருந்து சென்றவர்களுள் தமிழரே மிகுதி. அதே பாதையில் இறந்த வெள்ளைப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நம்மவர் பலர் பெயரின்றிக் காட்டு மண்ணில் கலந்து போனார்கள்.

அப்பாதையைப் பற்றி உலகம் கொண்டாடிய படம், 1957-இல் டேவிட் லீன் எடுத்து ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’. அதற்கு மூலமான நாவலை எழுதிய பியர் பூல் மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்தவர். படத்தின் பாலம் கட்டப்பட்டதோ இலங்கையின் கித்துல்கலையில். இவ்வளவு தூரம் நம்மை நெருங்கி வந்த அப்படம், ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மனப் போராட்டத்துக்கு நம்மை உருக வைக்கிறது. தமிழ்த் தொழிலாளியின் துயரத்துக்கோ அதில் இடமில்லை.

ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ போன்ற மலேசியத் தமிழ் நாவல்கள் அத்துயரத்தை எழுத்தில் காத்து வைத்திருக்கின்றன. ஆனால் எழுத்தறியாதவனையும் அழ வைத்துச் சிந்திக்கவும் வைக்கும் சக்தி திரைக்கு உண்டு என்பதை யூதர்களின் கதை நிரூபித்துவிட்டபடியால், அந்த நாவல்களையும், மலேயா சென்று திரும்பிய குடும்பங்கள் சொல்லிவரும் நினைவுகளையும் ஆதாரமாகக் கொண்டு பெரும் படமொன்றை எடுப்பது தமிழ்த் திரையுலகின் கடமை. பிறர் துயரத்துக்கு அழக் கற்றுக்கொண்ட நாம், நம் மூதாதையருக்காகவும் அழ உரிமையுடையவர்கள்.