ஒரே கூரையின் கீழ்: வீட்டுப் பட்டறையும் அரும்பொருள்களும்

நம் நாட்டில் வீடும் தொழிற்கூடமும் பல இடங்களில் ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன. வாராணசி நெசவாளரின் தறி, அவர் உறங்கும் அறைக்கு அடுத்த அறையில் நிற்கும். மொராதாபாத்தில் பித்தளைக்கு மெருகேற்றும் கூடம் வீட்டின் ஒரு பகுதியாகவே இருக்கும். கர்நாடகத்தின் சென்னபட்டணத்தில் அரக்குப் பூச்சு மரப்பொம்மைகளைக் கடையும் பட்டறைகள் பலவும் வீடுகளை ஒட்டியவையே. வாடகை மிச்சம், பயண நேரம் மிச்சம், பிள்ளைகள் பார்த்துப் பார்த்தே தொழில் கற்றுக்கொள்வர். இத்தனை நன்மைகளோடு ஓர் அபாயமும் சேர்ந்தே இருக்கிறது. பட்டறையில் பற்றும் தீ பிழைப்பை மட்டும் எரிப்பதில்லை. அடுத்த அறையில் இருக்கும் நகை, பத்திரம், தாத்தாவின் நிழற்படம் ஆகிய அனைத்தையும் ஒரே இரவில் கொண்டுபோய்விடும்.

இதனை எனக்கு உணர்த்தியவர், செகந்திராபாத்தில் எங்கள் அடுத்த வீட்டில் வசிக்கும் பெரியவர். ரயில் பெட்டிப் பணிமனையில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டின் பின்கட்டைப் பட்டறையாக்கி, ஊஞ்சலும் கட்டிலும் செய்து தருவார். சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் ஒரு நாள், தேக்கு ஊஞ்சற்பலகை ஒன்றுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசி மெருகேற்றினார். துடைத்த பழந்துணிகளை ஒன்றாகச் சுருட்டி, இழைப்புச் சீவல் கிடந்த பிளாஸ்டிக் வாளியில் போட்டார். மின்விசையை நிறுத்தினார், கதவைப் பூட்டினார், உண்டு உறங்கினார். இரவு இரண்டு மணிக்குப் புகை நெடி அனைவரையும் எழுப்பியது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் பட்டறையும், அதனை ஒட்டிய அறையிலிருந்த மர அலமாரியும் கருகிவிட்டன.

“அடுப்பும் இல்லை, மின்சாரமும் இல்லை. தீ எங்கிருந்து வந்தது தம்பி?” என்று மறுநாள் காலையில் அவர் என்னைக் கேட்டார். விடை அந்த வாளியில் இருந்தது.

தானே பற்றும் தீ

ஆளிவிதை எண்ணெய் நீரைப் போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுகிறது. அவ்வினையில் வெப்பம் பிறக்கிறது. துணியை விரித்துப் போட்டால் அந்த வெப்பம் காற்றில் கலந்து போய்விடும். சுருட்டி அடைத்தால் வெளியேற வழியின்றி உள்ளேயே சேரும். சில மணி நேரத்தில் துணி தானே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ‘ஒன் மெரிடியன் பிளாசா’ என்னும் வானளாவிய கட்டடம் எரிந்து மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர். மரப்பலகைகளுக்கு மெருகேற்றியவர்கள் விட்டுச்சென்ற எண்ணெய்த் துணிகளே அத்தீயின் தொடக்கம்.

தடுக்கும் வழி எளிது. எண்ணெய்த் துணிகளை வேலை முடிந்ததும் வெளிப்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் விரித்து நன்கு உலரவிடுங்கள். இயலாதெனில், தண்ணீர் நிரம்பிய மூடியுள்ள தகர டப்பாவில் அமிழ்த்தி வையுங்கள். இரண்டும் செலவற்றவை.

தின்னர், டர்பன்டைன், வார்னிஷ் முதலியவற்றின் ஆபத்து வேறு வகையானது. அவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து அடுத்த அறைவரை செல்லும். அங்கே பூசையறையில் எரியும் விளக்கோ சமையலறை அடுப்போ அதனைப் பற்றவைக்கப் போதும். ஆகவே அன்றன்றைய தேவைக்கு மட்டும் வாங்கி, இறுக மூடிய உலோகக் கலத்தில், விளக்கும் அடுப்பும் இல்லாத பக்கத்தில் வையுங்கள். பூசும்போது சன்னல்கள் திறந்திருக்கட்டும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, விளக்குக்கும் விசிறிக்கும் இழுத்த கம்பியில் இழைப்பு இயந்திரத்தை ஓட்டுவதே பொதுவான பிழை. பட்டறைக்கெனத் தனி இணைப்பும், மின்கசிவு நேர்ந்தால் தானே துண்டிக்கும் விசையும், கதவுக்கு வெளியே ஒரு முதன்மை விசையும் இருத்தல் வேண்டும். துளையிடும் கருவியின் பேட்டரியை இரவு முழுவதும் மின்னேற்றத்தில் விடலாகாது. மரத்தூளையும் சீவலையும் மறுநாளைக்கு வைக்காமல் அன்றன்றே கூட்டி அகற்றுவது நன்று.

தீயணைப்பான் ஒன்று அவசியம். வீட்டுப் பட்டறைக்கு ‘ஏபிசி’ வகை உலர்தூள் கருவி ஏற்றது; மரம், எண்ணெய், மின்கருவி ஆகியவற்றில் பற்றும் தீக்கு அது பயன்படும். அதனைப் பட்டறையின் உட்கோடியில் மாட்டாமல் வெளியேறும் வாசலருகே மாட்டுங்கள். பூட்டூசியை இழுத்து, தீயின் அடிப்பகுதியை நோக்கிக் குழாயைப் பிடித்து, கைப்பிடியை அழுத்தி, இடமும் வலமும் வீசுங்கள். அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் உள்ளதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். தீ சிறிதாக இருக்கும்போது மட்டுமே இம்முயற்சி. வளர்ந்துவிட்டால் அனைவரும் வெளியேறி 101 அல்லது 112 எண்ணை அழைப்பதே அறிவுடைமை. சமையல் எரிவாயு கசிந்தால் அழைக்க வேண்டிய எண் 1906.

காப்பீடு: வீடு வேறு, பட்டறை வேறு

பெரியவர் தம் வீட்டுக்குக் காப்பீடு செய்திருந்தார். வீட்டுக் கடன் பெற்றபோது எடுத்த பத்திரம் அது. பிரித்துப் படித்தபோதுதான் அது கட்டடத்துக்கு மட்டுமே என்பது தெரிந்தது. இழைப்பு இயந்திரமும், அறுவை இயந்திரமும், வாடிக்கையாளர் முன்பணம் தந்திருந்த ஊஞ்சலும் அதில் அடங்கவில்லை. இது பலருக்கும் நேரக்கூடியது. இவ்விதழைக் கீழே வைத்தவுடன் உங்கள் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

2021 ஏப்ரல் 1 முதல், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ஏற்பாட்டின்படி ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொதுவான வீட்டுக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. கட்டடத்தோடு பொருள்களுக்கும் சேர்த்து எடுத்தால், கட்டடக் காப்பீட்டுத் தொகையில் 20 விழுக்காடு வரை, உச்சவரம்பு ரூ.10 இலட்சத்துக்கு உட்பட்டு, பொதுவான வீட்டுப்பொருள்கள் தாமாகவே அடங்கும். நகை, வெள்ளிப் பாத்திரம், ஓவியம் போன்ற விலையுயர்ந்தவற்றை மதிப்பைக் குறிப்பிட்டுத் தனியே சேர்க்க வேண்டும். தீ முதலிய காப்புற்ற நிகழ்வை அடுத்து 7 நாள்களுக்குள் நேரும் திருட்டுக்கு மட்டுமே இத்திட்டத்தில் இடமுண்டு. பொதுவான களவுக்குத் தனிக் காப்பீடு தேவை.

தொழிற்கருவிகளுக்கும் சரக்குக்கும் உரியது ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’. ஓரிடத்திலுள்ள சொத்துகளின் மொத்த மதிப்பு ரூ.5 கோடிக்கு மிகாத சிறு தொழில்களுக்கானது இது. வீட்டின் ஒரு பகுதியில் தொழில் நடக்கிறது என்பதையும், என்னென்ன எண்ணெய்களையும் கரைப்பான்களையும் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும், பிறர் ஒப்படைத்த பொருள்கள் உங்களிடம் இருக்குமா என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். இன்று மறைத்தது நாளை இழப்பீட்டை மறுக்கக் காரணமாகலாம்.

இழப்பு நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள். மதிப்பீட்டாளர் பார்வையிடும்வரை இடிபாடுகளை அகற்றாதீர்கள். தீயணைப்புத் துறையின் அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். ஒவ்வொரு கருவியின் படமும், வரிசை எண்ணும், வாங்கிய ரசீதும் முன்னரே செல்பேசியில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கருகிய தாள்கள்

மர அலமாரியில் வீட்டுக் கிரயப் பத்திரமும், வைப்புத்தொகை ரசீதும், துணியில் முடிந்து வைத்த பணத்தாள்களும் இருந்தன. இவற்றுள் முதல் இரண்டுக்கும் வழி உண்டு. பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறலாம். மூலப் பத்திரத்தின் உள்ளடக்கத்தை மெய்ப்பிக்க அந்நகல் சட்டப்படி ஏற்கத்தக்கது. வைப்புத்தொகையின் கணக்கு வங்கியின் ஏடுகளில் இருப்பதால், ரசீது எரிந்தாலும் பணம் எரிவதில்லை.

பணத்தாள்களுக்குப் பொறுமை தேவை. மிகவும் கருகி நொறுங்கும் நிலையிலுள்ள தாள்களை வங்கிக் கிளைகள் மாற்றித் தர இயலாது. அவற்றை ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்தில் அளிக்க வேண்டும். ரூ.50 மற்றும் அதற்கு மேற்பட்ட தாள்களில், எஞ்சிய ஒரே பெருந்துண்டு 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் முழு மதிப்பும், 40 முதல் 80 விழுக்காடு வரை இருந்தால் பாதி மதிப்பும் கிடைக்கும். ஆகவே கருகிய கட்டைப் பிரிக்க முயலாமல், ஒரு பெட்டியில் அசையாமல் எடுத்துச் செல்லுங்கள். இன்னும் நல்லது, தேவைக்கு மேற்பட்ட பணத்தைக் கணக்கில் வைப்பதே.

ஆவணங்களுக்கு ‘டிஜிலாக்கர்’ நல்ல துணை. அரசுத் துறைகள் அதன்வழி நேரடியாக வழங்கும் ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் பட்டியல் முதலியன மூல ஆவணங்களுக்கு நிகரானவை. நீங்களே படமெடுத்து ஏற்றுபவை நகல்கள் மட்டுமே என்பதையும் நினைவிற் கொள்க.

பெட்டகம் தரும் காவல் எதுவரை?

வங்கிப் பெட்டகத்தில் வைத்த நகை வீட்டுத் தீயிலிருந்து தப்பும். ஆயினும் வாடிக்கையாளர்கள் அறிய வேண்டிய எல்லை ஒன்றுண்டு. பெட்டகத்துள் இருப்பது என்னவென்று வங்கிக்குத் தெரியாது. அதற்கு வங்கி காப்பீடும் செய்வதில்லை. 2022 சனவரி 1 முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, வங்கி வளாகத்தில் தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிவு அல்லது ஊழியரின் மோசடியால் இழப்பு நேர்ந்தால், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரையே. ஆண்டு வாடகை ரூ.3,000 எனில் உச்ச அளவு ரூ.3 இலட்சம். வெள்ளம், நிலநடுக்கம், இடி, மின்னல் போன்ற இயற்கைச் சீற்றங்களால் நேரும் இழப்புக்கு வங்கி பொறுப்பாகாது. எனவே நகையின் மதிப்பு இதனினும் மிகுதியெனில் தனிக் காப்பீடு செய்வது முறை. நியமனதாரரைப் பதிவு செய்யவும் மறவாதீர்கள்.

விலையில்லாதவை

பெரியவரை மிகவும் வருத்தியது மேற்சொன்ன எதுவும் அன்று. அவருடைய தந்தையார் பயன்படுத்திய உளிகள் ஒன்பது இருந்தன. கைப்பிடிகள் சாம்பலாயின, எஃகும் வெந்து பதம் இழந்தது. அவற்றைக் கொல்லர் ஒருவர் மீண்டும் காய்ச்சித் தோய்த்துப் பதமேற்றிக் கொடுத்தார். அவர் புதுக் கைப்பிடி போட்டுக்கொண்டார். ஆனால் தந்தையார் பென்சிலால் எழுதி வைத்த அளவுக் குறிப்பேடு திரும்பவில்லை. ஊஞ்சலின் சங்கிலிக் கொண்டிக்கும் பலகைக்கும் உள்ள விகிதம், தேரின் சிறு மாதிரி, கட்டில் கால்களின் கடைசல் வடிவம் என நாற்பது ஆண்டு அறிவு அதில் இருந்தது. “இயந்திரத்தைக் கடன் வாங்கியாவது வாங்கிவிடலாம் தம்பி. அப்பாவின் கையெழுத்தை எந்தக் கடையில் வாங்குவேன்?” என்றார்.

இத்தகையவற்றைக் காக்க எந்தக் காப்பீடும் இல்லை. ஒரே வழி, அவற்றை ஒரே இடத்தில் மட்டும் இருக்கவிடாமை. குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். ஒரு பிரதியை இணையச் சேமிப்பிலும், மற்றொன்றை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் வையுங்கள். பழைய நிழற்படங்கள், கோலப் புத்தகம், பாட்டியின் சமையற் குறிப்பு ஆகியவற்றுக்கும் இதுவே முறை. மூலத்தைப் பட்டறைச் சுவரை ஒட்டிய அறையில் வைக்காதீர்கள்.

பெரியவர் இப்போது நினைவில் நிற்கும் அளவுகளைப் புதிய ஏடு ஒன்றில் எழுதி வருகிறார். ஒரு பக்கம் முடிந்ததும் பேரன் அதனைப் படமெடுத்து, புனேயில் இருக்கும் தன் அத்தைக்கு அனுப்புகிறான். சில பக்கங்களில் அளவு வர வேண்டிய இடம் வெற்றிடமாகவே இருக்கிறது. அவை நினைவுக்கு வரவில்லை. பட்டறை வாசலில் தண்ணீர் நிரம்பிய தகர டப்பா ஒன்று நிற்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காப்பீட்டுப் பத்திரத்தைப் படியுங்கள், கருவிகளைப் படமெடுங்கள், மீட்க முடியாத ஒரு பொருளுக்கு நகல் செய்யுங்கள். அன்று மாலை பட்டறையைப் பூட்டுமுன், துடைத்த துணி எங்கே கிடக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.